மாம்பழம் எப்படி ஆப்பிளானது?

எங்கள் ஆச்சிக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு பேர். கல்லிடைக்குறிச்சி வீட்டின் பின்வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டால், நேராக என் பெயருக்கு வரமாட்டாள். "ஏலே சங்கரு... இசக்கி... மணி... ச்சே, உன்னத்தாம்ல, இங்க வா!" என்பாள். சங்கரும் இசக்கியும் சித்தப்பா பிள்ளைகள். மணி, வீட்டு நாய். எதிர்வீட்டுப் பையனும் நாள் முழுக்க எங்களோடுதான் கிடப்பான். அவன் பெயர் அந்த வரிசையில் வந்ததே இல்லை. வீட்டில் ஒரு பூனையும் இருந்தது. அதன் பெயரும் வந்ததில்லை.

இது ஆச்சிக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உறவினரை இன்னொரு உறவினர் பெயராலும், நண்பரை இன்னொரு நண்பர் பெயராலும்தான் நாம் மாற்றிக் கூப்பிடுகிறோம். தோற்ற ஒற்றுமைக்கு இதில் பெரிய பங்கில்லை. நாயின் பெயர் குடும்பப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. பூனையின் பெயர் வருவதில்லை. ஆக, மூளைக்குள் பெயர்கள் உறவுவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆச்சியின் வாய் தவறிய விதத்திலிருந்து அந்த அடுக்கையே வரைந்துவிடலாம்.

இப்போது ஆச்சியின் பின்வாசலை விட்டு ஒரு பிரசார மேடைக்குப் போவோம். 2019 மக்களவைத் தேர்தல். திண்டுக்கல் தொகுதியில் அதிமுக கூட்டணியின் பாமக வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கிறார் அப்போதைய அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன். சின்னம் மாம்பழம். அமைச்சர் வாயில் வந்தது ஆப்பிள். திருத்திக்கொண்டார். ஆனால் அதற்குள் அது செல்போன்களில் ஏறிவிட்டது; தமிழ்நாடே சிரித்தது.

அன்று நானும் சிரித்தேன். இன்று அந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்கு வியப்புதான் வருகிறது. வளர்ந்த ஒருவருக்குத் தெரிந்த சொற்கள் பல்லாயிரம். தவறு நேர வேண்டும் என்றால் அவற்றில் எது வேண்டுமானாலும் வாயில் விழுந்திருக்கலாமே! கதவு, கடன், காய்ச்சல் என்று எதுவும் விழவில்லை. பழத்தின் இடத்தில் பழமே விழுந்தது. சொல்லைத் தேடிப் போன கை சரியான அலமாரிக்குத்தான் போயிருக்கிறது. எடுத்தது பக்கத்துப் பொருளை.

ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல நமக்குச் சுமார் 0.6 நொடி ஆகிறது. இருமுறை கண்சிமிட்டுகிற நேரம். அதற்குள் நடப்பது பெரிய வேலை. முதல் கால் நொடியில், என்ன சொல்ல வேண்டும் என்ற கருத்துக்குப் பொருந்தும் சொல்லை மூளை தேர்ந்தெடுக்கிறது. இந்தக் கட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒலி கிடையாது. பொருள் உண்டு, இலக்கண வகை உண்டு. உச்சரிப்பு மட்டும் இல்லை. இதைச் 'சொற்கரு' என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கட்டத்தில்தான் மா, ம், ப என்று ஒலிகள் வந்து ஏறுகின்றன. பிறகு நாக்கு, உதடு, குரல்வளை, விலா என்று ஏறக்குறைய நூறு தசைகளுக்கு உத்தரவு போகிறது. இத்தனையும் ஒரு சொல்லுக்கு. நாமோ நொடிக்கு இரண்டு மூன்று சொல் பேசுகிறோம். மாவட்ட நூலகத்தின் மொத்தப் புத்தகங்களிலிருந்தும் நொடிக்கு மூன்று புத்தகத்தைச் சரியாக உருவித் தருகிற நூலகர் ஒருவரைக் கற்பனை செய்துபாருங்கள்.

மாம்பழம் என்று நினைத்தவுடன் மாம்பழம் மட்டும் விழிப்பதில்லை. பலா, வாழை, ஆப்பிள், கொய்யா என்று அக்கம்பக்கத்துச் சொற்கள் எல்லாம் கொஞ்சம் தலைதூக்குகின்றன. அறிவியலாளர்கள் இதைத் 'தூண்டல் பரவல்' என்ற பொருளில் அழைக்கிறார்கள்: ஒரு சொல்லைத் தட்டினால் அதோடு பிணைந்த சொற்களும் அதிர்வது. வழக்கமாக உரிய சொல்லே அதிகம் அதிர்ந்து ஜெயிக்கும். களைப்பு, அவசரம், எதிரே கூட்டத்தின் இரைச்சல் என்று ஏதாவது குறுக்கிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முந்திவிடுவார்.

2017இல் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, கம்பராமாயணத்தை எழுதியவர் சேக்கிழார் என்று ஒரு விழா மேடையில் சொன்னார். அந்தக் கேலி இன்றும் ஓயவில்லை. இங்கும் அலமாரியைக் கவனியுங்கள். சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் அவையைச் சேர்ந்தவர், பெரியபுராணம் தந்தவர். கம்பரும் சோழநாட்டுப் புலவர்தான். இருவரும் மாபெரும் காப்பியக்காரர்கள். பள்ளிப் பாடத்திலிருந்தே இருவர் பெயரையும் அடுத்தடுத்துதான் கேட்டு வளர்கிறோம்.

அதிலும் ஆட்பெயர்கள்தான் மூளைக்குள் மிகவும் பலவீனமான கண்ணி. மாம்பழம் என்றால் நிறம், மணம், சாறு, சித்திரை மாதம் என்று அந்தச் சொல்லைப் பிடித்து இழுக்க இருபது கயிறுகள் உண்டு. பெயருக்கோ ஒரே கயிறு. 1987இல் இங்கிலாந்தில் இதை ஒரு பரிசோதனையில் காட்டினார்கள். 'பேக்கர்' என்பது அங்கே குடும்பப் பெயரும்கூட, ரொட்டி சுடுகிற தொழிலும்கூட. ஒரு முகத்தைக் காட்டி, இவர் தொழில் பேக்கர் என்றால் நினைவில் நிற்கிறது. இவர் பெயர் பேக்கர் என்றால் அதே சொல் நழுவுகிறது. ஒலியில் ஒரு மாத்திரைகூட வித்தியாசம் இல்லாத சொல்!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பிழை. முதல்வராவதற்கு முன் ஒரு மேடையில் மு.க. ஸ்டாலின், "மதில் மேல் பூனை" என்பதற்குப் பதிலாக "பூனை மேல் மதில்" என்றார். மீம்களுக்குப் பெருந்தீனி. ஆனால் மொழியியலாளர் ஒருவர் அதைக் கேட்டிருந்தால் நோட்டுப் புத்தகத்தை எடுத்திருப்பார். மூன்று சொற்களில் இரண்டு இடம் மாறின. 'மேல்' மட்டும் அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "மேல் மதில் பூனை" என்றோ "மதில் பூனை மேல்" என்றோ வரவில்லை. பெயர்ச்சொல்லோடு பெயர்ச்சொல்தான் இடம் மாற்றிக்கொண்டது.

அமெரிக்க மொழியியலாளர் விக்டோரியா ஃப்ராம்கின் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையும், மெரில் காரெட் 1975இல் செய்த ஆய்வும் சொன்னது இதைத்தான். வாய் தவறுவதற்கும் இலக்கணம் உண்டு. வாக்கியத்தின் சட்டகத்தை மூளை முதலில் கட்டுகிறது: இங்கே ஒரு பெயர், அடுத்து 'மேல்', அடுத்து இன்னொரு பெயர். பிறகுதான் காலி இடங்களில் சொற்களைப் பொருத்துகிறது. பொருத்தும்போது கை மாறலாம், சட்டகம் மாறாது. தமிழில் இதை இன்னும் அழகாகப் பார்க்கலாம். "மரத்தில் குரங்கு" என்பதை யாராவது மாற்றிச் சொன்னால் "குரங்கில் மரம்" என்றுதான் வரும். 'மரத்து' என்ற வடிவம் தானாக 'மரம்' ஆகிவிடும். சொற்களை மாற்றிப் போட்ட அதே மூளை, மாறிய இடத்துக்கு ஏற்ப அவற்றின் உருவத்தை ஒழுங்காகத் திருத்தியும் கொடுத்துவிடுகிறது. பிழைக்குள்ளேயே இவ்வளவு பிழையின்மை.

பூனையும் மதிலும் இன்னொரு ரகசியத்தையும் வெளியிடுகின்றன. பழமொழியும் மரபுத்தொடரும் ஒரே கட்டியாக மனப்பாடத்தில் கிடக்கின்றன, அப்படியே எடுத்து வீசுகிறோம் என்றுதான் நினைக்கிறோம். ஒரே கட்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் துண்டுகள் இடம் மாற முடியாதே! ஆயிரம் முறை சொன்ன தொடரைக்கூட ஒவ்வொரு முறையும் நாம் புதிதாகக் கோத்துத்தான் சொல்கிறோம்.

சொற்களைப் போலவே எழுத்துகளும் இடம் மாறும். தென்மாவட்டத்துக் கிராமங்களில் பெரியவர்கள் மதுரையை 'மருதை' என்பார்கள். தகரமும் ரகரமும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ள, உகரமும் ஐகாரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தசை - சதை என்பதிலும் இதே கணக்குத்தான்: மெய்கள் மாறின, உயிர்கள் மாறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் ஸ்பூனர் என்ற பாதிரியார் இருந்தார் (1844-1930). சொற்களின் முதல் ஒலிகளை மாற்றிப் போட்டுப் பேசுவதற்கு அவர் பெயரையே ஆங்கிலத்தில் வைத்துவிட்டார்கள். அவர் சொன்னதாக உலவுபவற்றில் பெரும்பாலானவை மாணவர்கள் கட்டிவிட்டவை, பாவம் அவர். ஆனால் அந்த வகைப் பிழை உண்மையானது. அதிலும் அசையின் தொடக்க ஒலி, இன்னொரு அசையின் தொடக்க ஒலியோடுதான் மாறும்.

நம் இலக்கணக்காரர்கள் இத்தகைய மாற்றங்களைக் கவனித்துப் பெயரும் வைத்திருக்கிறார்கள். 'எழுத்து நிலைமாறுதல்' ஒன்று. சொற்பகுதிகள் முன்பின்னாக மாறி நிற்கும் 'இலக்கணப் போலி' இன்னொன்று. இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு ஆச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய். அரசுப் பதிவுகளில் அது கால்வாய். ஆச்சிக்கு அது என்றும் வாய்க்கால்தான். "வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா பாருல" என்பாள். இரு துண்டுகளையும் திருப்பிப் போட்டவுடன் நடுவில் என்ன ஆகிறது என்று பாருங்கள். வாய்க்கால் என்னும்போது ஒரு 'க்' முளைக்கிறது. கால்வாய் என்னும்போது மறைகிறது. குரங்கும் மரமும் செய்த அதே வேலை. இது யாரோ ஒருவர் நாக்குப் புரண்டு பிறந்த சொல் என்று சொல்லவரவில்லை. மொழி தன் உறுப்புகளைக் கழற்றி மாட்டும்போதும் நாக்கு தவறும்போதும் ஒரே மூட்டுகளில்தான் கழல்கிறது என்பதே எனக்கு அதிசயம்.

சரி, எவ்வளவுக்கு எவ்வளவு தவறுகிறோம்? உத்தேசமாக ஆயிரம் சொல்லுக்கு ஒன்று. நிமிடத்துக்கு 110 சொல் என்று வைத்துக்கொண்டால், 45 நிமிட மேடைப் பேச்சில் சுமார் 5,000 சொல், ஐந்து பிழை. தேர்தல் நேரத்தில் தலைவர்கள் ஒரே நாளில் எத்தனை இடத்தில் நிறுத்திப் பேசுகிறார்கள் என்று கணக்குப் போட்டால், ஒருவர் பெயரில் இரண்டு மூன்று பிழைகள்தான் நமக்கு நினைவிருக்கின்றன என்பதே பெரிய விஷயம்.

காரணம், உள்ளே ஒரு காவலர் இருக்கிறார். பேசப்போவதைப் பேசும் முன்பே கேட்டுப் பார்க்கும் அமைப்பு அது, 'அகத்தணிக்கை' எனலாம். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் மோட்லி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒரு தந்திரம் செய்தார்கள். சொல் இணைகளை வேகவேகமாகக் காட்டி, திடீரென ஒன்றை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். முதல் எழுத்துகள் மாறினால் கெட்ட வார்த்தையாகிவிடும் இணைகளையும் நடுவில் கலந்திருந்தார்கள். அந்த இணைகளில் மக்கள் குறைவாகவே தவறினார்கள். ஆனால் சரியாகச் சொன்னவர்களுக்கும் அந்த இடத்தில் தோலின் மின்கடத்தல் கூடியது. அதாவது உள்ளங்கை லேசாக வியர்த்தது. கெட்ட வார்த்தை உள்ளே உருவாகி, வாசல் வரை வந்து, பிடிபட்டுத் திரும்பியிருக்கிறது. வெளியே ஒருவருக்கும் தெரியாது.

காவலரைத் தாண்டி வந்த பிழைகளிலும் ஏறக்குறைய பாதியை நாமே திருத்திக்கொள்கிறோம். தவறு செய்து பத்தில் ஒரு நொடிக்குள், நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறது. 1990களின் தொடக்கத்தில் அதை அளந்து காட்டினார்கள். ஆச்சி வாயில் வந்த 'ச்சே' இருக்கிறதே, அது அந்தக் காவலரின் குரல்தான்.

மேடையில் இந்தக் காவலருக்கு வேலை அதிகம். எதிரே கூட்டம், மேலே விளக்கு, மனத்தில் அடுத்த வரி. 2009 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், பராக் ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மொத்தம் 35 சொற்கள். தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்தே சொன்னவர், 'உண்மையுடன்' என்ற பொருள் தரும் ஒரு சொல்லை இடம் தவறி வைத்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் மீண்டும் ஒருமுறை உறுதிமொழி எடுத்தார்கள்.

அடிமனத்து ஆசைதான் வாயில் வந்துவிடுகிறது என்றார் ஃப்ராய்ட், 1901இல். ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் அவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கும்போதே "முடிந்தது" என்று அறிவித்துவிட்ட கதையை அவர் சான்றாகக் காட்டினார். அவை சீக்கிரம் முடியட்டும் என்ற ஆசையாம். அதே கதையை அவருக்கு முன்பே, 1895இல், ஆயிரக்கணக்கான நாப்பிழைகளைத் திரட்டிய வியன்னா மொழியியலாளர் ருடால்ஃப் மெரிங்கர் பதிவு செய்திருந்தார். நான் மெரிங்கர் பக்கம். தொடக்கமும் முடிவும், திறப்பும் மூடலும் ஒரே அலமாரியில் தோளுரசி நிற்கும் சொற்கள். ஆசை இல்லாமலே கை மாறும்.

எங்கள் ஊர்ப்பக்கம் நடந்த ஒன்றில் நாக்கு தவறவில்லை; சொல்லே இரண்டாகப் பிரிந்தது. 2019 டிசம்பர் 29 அன்று, திருநெல்வேலி மேலப்பாளையத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான கூட்டத்தில் தமிழ்ப் பேச்சாளர் நெல்லை கண்ணன் பேசினார். பிரதமரையும் உள்துறை அமைச்சரையும் பற்றிய பேச்சில் 'சோலி' என்ற சொல் வந்தது. சோலியை முடிப்பது என்றால் கொலையைத்தான் குறிக்கும் என்று புகார்கள் எழுந்தன; 2020 ஜனவரி 1 அன்று பெரம்பலூரில் கைதானார்; பிறகு ஜாமீனில் வந்தார். அவர் அப்படிப் பேசியிருக்கலாமா என்பது வேறு விவாதம். நெல்லை வழக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நாடே பேசியது. இங்கே சோலி என்றால் வேலை. சோலியை முடித்தான் என்றால் வேலையை முடித்தான் என்றும் பொருள். ஆளையே முடித்தான் என்றும் பொருள்.

கேட்பவர் மூளையில் அப்போது நடப்பதை 1979இல் டேவிட் ஸ்வின்னி சோதித்துக் காட்டினார். இரு பொருள் சொல் ஒன்று காதில் விழுந்ததும், சூழல் எதுவாக இருந்தாலும், முதலில் இரண்டு பொருளும் விழிக்கின்றன. அடுத்த மூன்று அசை நகர்வதற்குள் பொருந்தாதது அணைந்துவிடுகிறது. அணைப்பது சூழல், சூழல் தெரியாதவருக்கு வேறொன்று அணையும்.

சாயங்காலம் கன்னடியன் கால்வாய்ப் பாலத்தடியில் டீக்கடை அண்ணாச்சி கேட்கிறார்: "என்ன தம்பி, இன்னைக்குச் சோலி முடிஞ்சுதா?" எனக்குள்ளும் ஒரு கணம் இரண்டு பொருளும் எழுந்து, ஒன்று அணைந்திருக்க வேண்டும். நான் அறியவே இல்லை. "முடிஞ்சுது அண்ணாச்சி, ஒரு டீ போடுங்க" என்கிறேன்.