மாற்றலாகிப் போகும் ஊரில் நல்ல பள்ளிக்கூடம் எது?

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது வீடு. தண்ணீர் வருமா, பஸ் நிற்குமா, அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் ஒரே கேள்விதான்: "ரிசல்ட் எப்படி ஸார்?" சர்க்கார் பள்ளி 98 சதவீதம் என்று பதில் வந்தால் திருப்தி. வராவிட்டால், உள்ளே எட்டிக்கூடப் பாராமல், கடனோ உடனோ வாங்கித் தனியார் பள்ளியில் பணத்தைக் கட்டிவிடுவார்கள். அந்தக் கடன் அடுத்த மாற்றலுக்கும் கூடவே வரும்!

அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போமா? ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்கள் 10 பேர். ஒரு பையன் தவறிவிட்டான். தேர்ச்சி 90 சதவீதம். டவுன் பள்ளியில் 200 பேர் எழுதி 20 பேர் தவறினாலும் அதே 90 சதவீதம்தான். முதல் பள்ளிப் பையனுக்கு அந்த வாரம் காய்ச்சலாக இருந்திருக்கலாம். இரண்டாவது பள்ளியில் கணக்குக்கு வாத்தியாரே இல்லாமல் வருஷம் ஓடியிருக்கலாம். ஆகையால் சதவீதத்தோடு நிற்காமல், "இந்த வகுப்பில் போன வருஷம், ஒன்பதாவதில், எத்தனை பேர் இருந்தார்கள்?" என்றும் கேளுங்கள். அப்போது 60 பேர் இருந்து, பரீட்சைக்கு 45 பேர்தான் போனார்கள் என்றால், மீதிப் பதினைந்து பேர் எங்கே என்று தெரிய வேண்டாமா?

அது கிடக்கட்டும். உங்கள் பெண் சேரப்போவது நாலாம் வகுப்பில். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டால் அவளுக்கு இப்போது ஆகப்போவது என்ன? 2017-லேயே தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் மனசிலிருந்துதான் அது இன்னும் போகவில்லை.

"ரொம்பப் பேர்போன பள்ளி" என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்துப் பேர் என்று விசாரியுங்கள். உங்களுக்கு மாற்றல் உத்தரவு வருவதுபோல் ஹெட்மாஸ்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கலந்தாய்வு உண்டு. பேர் வாங்கித் தந்த மனிதர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு ஜில்லாவுக்குப் போயிருப்பார். பேர் மட்டும் பழைய போர்டைப் போல் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். நல்ல ஹெட்மாஸ்டர் புதிதாக வந்து சேர்ந்த பள்ளிக்கு ஊரில் இன்னும் கெட்ட பேரே இருப்பதும் உண்டு.

எனவே விசாரிக்க வேண்டியது ஆசிரியர்களைத்தான். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர்! சட்டம் மீறப்படவில்லை, ஆனால் ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பள்ளியின் தரம் இருக்கிறது. தாங்களாகப் படித்தும் எழுதியும் கொண்டிருந்தால் நல்ல வாத்தியார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் யோசிக்க வேண்டியதுதான். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. அதோடு கணிதம்-விஞ்ஞானம், சமூகவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனி ஆள் வேண்டும். "எந்த இடம் காலி? எத்தனை மாதமாக?" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலான ஹெட்மாஸ்டர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள், காலியிடத்தால் முதலில் அவஸ்தைப்படுகிறவர் அவர்தானே!

பார்க்கப் போவது சாதாரண வேலை நாளாக இருக்கட்டும். ஆண்டு விழா நாளில் எல்லாப் பள்ளியும் அழகுதான். காலை மணியடித்து அரை மணி கழித்துப் போங்கள். வகுப்பில் ஆள் இருக்கிறாரா? மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று, பாடம் நடக்காத பக்கத்தை எடுத்துக் கொடுத்தால் எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிறதா? நடந்த பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடும்; அதை நம்ப வேண்டாம். பிறகு கழிவறைப் பக்கம் கூச்சப்படாமல் போங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, கதவில் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர் எல்லாம் இருக்கிறதா? இது இல்லாத பள்ளியில் பெண் குழந்தைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளும் பெண்ணின் வலிக்குக் காரணம் பல சமயம் இதுதான். சாயங்காலம் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களில் ஒருவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தாலும் இருப்பார். குழு கடைசியாக எப்போது கூடியது என்று அவரைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் மாறுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம்: 2011-லிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர்க் கல்வி. அம்பாசமுத்திரத்தில் விட்ட பாடத்தைத் தர்மபுரியில் அதே புத்தகத்தில் தொடரலாம். தமிழ் வழியா, இங்கிலீஷ் வழியா என்பதை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றாதீர்கள். குழந்தை இரண்டிலும் கால் ஊன்றாமல் தவிக்கும்.

இன்னொன்று. 2020-ல் வந்த சட்டம் மருத்துவப் படிப்பு இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. 2021-ல் என்ஜினீயரிங் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. பொதுவான விதி, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது. நடுவில் இரண்டு வருஷம் தனியாரில் போட்டு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஊரை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் டி.ஸி. கிடைக்கத் தாமதமானால் கலங்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, அது வரவில்லை என்பதற்காக அரசுப் பள்ளியில் இடம் மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளையின் 'எமிஸ்' எண்ணை மட்டும் பழைய பள்ளியில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பள்ளியில் அதைக் கேட்பார்கள்.