ஆப்ஷன் எவ்வளவு இடம் எடுக்கும்? ரஸ்ட் தரும் வாக்குறுதியும் தராத வாக்குறுதியும்

இன்றைய எபிசோட்ல ரஸ்ட் மொழியின் ஆப்ஷன் டைப்பைப் பற்றிப் பேசப் போறோம். அதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். அது மெமரியில் எப்படி உட்கார்ந்திருக்கு, அதில் எதை நம்பி கோட் எழுதலாம் என்பதுதான் இன்னைக்கு விஷயம். சி லைப்ரரியோட ரஸ்ட்டை இணைக்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்காம இருக்க முடியாது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 'நல்' ரெஃபரன்ஸ், அதாவது எதையுமே காட்டாத ரெஃபரன்ஸ், 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காக டோனி ஹோர் கொண்டு வந்தது. 2009-ல் அவரே அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். பாயிண்டர் நல்லா இல்லையான்னு சோதிக்க மறந்தா புரோகிராம் விழுந்துடும். மறந்ததை கம்பைலரும் சொல்லாது. ரஸ்ட்டில் ஒரு ரெஃபரன்ஸ் நல்லாக இருக்கவே முடியாது. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்றால் ஆப்ஷனில் வைக்கணும். உள்ளே மதிப்பு இருந்தா 'சம்', இல்லைன்னா 'நன்'. 'நன்' வந்தா என்ன பண்றதுன்னு நீங்க சொல்லாம உள்ளே இருக்கிறதை எடுக்க விடாது.

சரி, இந்தப் பாதுகாப்புக்கு மெமரியில் என்ன விலை?

ஸ்கோர்கார்டும் சீட் நம்பரும்

ஒரு கிரிக்கெட் ஸ்கோர்கார்டை எடுத்துக்கோங்க. ஒருத்தர் 0 ரன்னில் அவுட் ஆகலாம். இன்னொருத்தர் பேட்டிங்கே இறங்காம இருக்கலாம். ரெண்டும் வேற வேற. அதனால இறங்காதவருக்கு 0 போட முடியாது, தனியா ஒரு குறிப்பு வேணும்.

பஸ் சீட் நம்பர் அப்படி இல்லை. அது 1-ல் இருந்துதான் தொடங்கும். ஒருத்தருக்கு இன்னும் சீட் ஒதுக்கலைன்னா, அதே கட்டத்தில் 0 போட்டாலே போதும். இன்னொரு கட்டம் தேவையில்லை.

யு32 ஸ்கோர்கார்டு மாதிரி. அதன் 4 பைட்டில் எந்த எண் வந்தாலும் செல்லும், 'நன்' உட்கார இடமே இல்லை. அதனால கம்பைலர் தனியா ஒரு அடையாளம் சேர்க்குது. அலைன்மென்ட் காரணமா அது 5 பைட்டோட நிக்காம 8 பைட் ஆயிடுது. யு64-க்கு 8 பைட் 16 ஆகுது. 10 லட்சம் எண்கள் இருக்கிற வரிசைன்னா 80 லட்சம் பைட் 1.6 கோடி பைட் ஆயிடும்.

ரெஃபரன்ஸ் சீட் நம்பர் மாதிரி. பூஜ்ஜிய முகவரி அதில் வரவே முடியாது. காலியா கிடக்கிற அந்த மதிப்பை கம்பைலர் 'நன்'-க்குக் கொடுத்துடுது. 64-பிட் மெஷினில் சாதாரண பாக்ஸ் 8 பைட், ஆப்ஷனில் போட்ட பாக்ஸும் 8 பைட்தான். பாதுகாப்பு கிடைக்குது, ஒரு பைட்கூட கூடலை. எண்களுக்கும் இதே வசதி வேணும்னா நான்ஜீரோ டைப்கள் இருக்கு; 2018-ல் ரஸ்ட் 1.28-ல் நிலையான வசதியா வந்தது. ஐடி நம்பர் எப்பவும் 1-ல் இருந்து தொடங்குதுன்னா, நான்ஜீரோ யு32-ஐ ஆப்ஷனில் வைங்க. 4 பைட்டிலேயே முடிஞ்சுடும்.

எது வாக்குறுதி?

பாக்ஸ், ரெஃபரன்ஸ், ஃபங்ஷன் பாயிண்டர், நான்நல், நான்ஜீரோ எண்கள். இவற்றை ஆப்ஷனில் போட்டாலும் அளவு, அலைன்மென்ட், ஃபங்ஷனுக்கு அனுப்பும் முறை மூணும் மாறாதுன்னு ரஸ்ட்டின் ஸ்டாண்டர்டு லைப்ரரி ஆவணம் எழுத்துபூர்வமா உறுதி சொல்லுது.

இதனால என்ன லாபம்? சி மொழியில் கால்பேக் வாங்குற ஃபங்ஷன்களில் பல, நல்லையும் ஏத்துக்கும். ரஸ்ட்டில் அந்த இடத்தில் ஆப்ஷனுக்குள்ள சி வகை ஃபங்ஷன் பாயிண்டர்னு அறிவிச்சா போதும். சி பக்கம் நல் வந்தா நம்ம பக்கம் 'நன்' வரும். ஆப்ஷன் இல்லாம வெறும் ஃபங்ஷன் பாயிண்டர்னு அறிவிச்சு, அந்தப் பக்கம் இருந்து நல் வந்துட்டா, அதை நீங்க கூப்பிடவே வேண்டாம்; அது உள்ளே வந்த நொடியே வரையறுக்கப்படாத நடத்தைதான். ஆனா ஒண்ணு, இந்த உறுதி நல் பற்றி மட்டும்தான். ஏற்கெனவே விடுவிச்ச மெமரியின் முகவரியை சி கொடுத்தா ஆப்ஷன் காப்பாத்தாது.

எது வாக்குறுதி இல்லை?

இங்கேதான் நிறைய பேர் வழுக்குறாங்க. ஆப்ஷனில் பூல் போட்டு அளவைப் பாருங்க, 1 பைட்னு காட்டும். பூலில் 0, 1 ரெண்டுதான் செல்லும். 'நன்'-க்கு இன்றைய கம்பைலர் 2-ஐ எடுத்துக்குது. ஸ்ட்ரிங்கும் அப்படித்தான், 64-பிட்டில் ஆப்ஷனோட சேர்த்தும் 24 பைட்தான். ஆனா இதெல்லாம் கம்பைலர் இன்னைக்குச் செய்யற சாமர்த்தியம். நாளைக்கும் இப்படியே இருக்கும்னு யாரும் கையெழுத்துப் போடலை.

அளவு சிறுசா இருக்கிறதை அனுபவிக்கிறதில் தப்பே இல்லை. சி-யில் இருந்து வந்த ஒரு பைட்டை டிரான்ஸ்ம்யூட் பண்ணி ஆப்ஷன் பூலா மாத்துறதுதான் ஆபத்து. டிரான்ஸ்ம்யூட் ரெண்டு பக்கமும் அளவு சமமான்னு மட்டும்தான் பார்க்கும். நாளைக்கு 'நன்'-க்கு வேற எண் வந்தாலும் அளவு அதே 1 பைட். கோட் கம்பைல் ஆகும், எச்சரிக்கை வராது, விடை மட்டும் தப்பா வரும்.

அதுக்கு மாற்று ரொம்ப எளிது. பைட்டை எண்ணாகவே வாங்கி, மேட்ச் போட்டு 0-ன்னா பொய், 1-ன்னா உண்மை, வேற எதுன்னாலும் 'நன்'-னு எழுதுங்க. மூணு வரிதான். ஒரு டைப்பின் அளவை நம்பி டிசைன் பண்ணியிருந்தா, கம்பைல் ஆகும்போதே அளவைச் சோதிக்கிற ஒரு கான்ஸ்ட் அசர்ட் வைங்க. அளவு மாறினா பில்ட் அங்கேயே நின்னுடும், உங்க யூசர் கிட்ட போகாது.

அதனால அன்சேஃப்னு டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இது ஆவணத்தில் எழுதியிருக்கா, இல்லை என் மெஷினில் ஓடிப் பார்த்ததா? ஓடிப் பார்த்தது மட்டும்தான்னா, அதை வெச்சு டிரான்ஸ்ம்யூட் எழுதாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.