விமானந்தாங்கிக் கப்பலில் ஒன்றரை நிமிடம்

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் சட்டையின் நிறமே சொல்லிவிடும். விமானங்களுக்கு வழிகாட்டுபவர் மஞ்சள் அணிவார். எரிபொருள் நிரப்புபவர் ஊதா. குண்டுகளைப் பொருத்துபவர்களுக்கும் தீயணைப்பாளர்களுக்கும் சிவப்பு. ஜெட் இயந்திரங்களின் இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. அதனால்தான் நிறமும் கைச்சைகையும். ஒரு பக்கம், நீராவி விசையால் இரண்டு மூன்று வினாடிகளில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்துக்கு விமானங்கள் உந்தி எறியப்படும். இன்னொரு பக்கம், ஓடும் இயந்திரங்கள் அருகில் செல்பவரை உள்ளே இழுத்துவிடக் காத்திருக்கும். இதற்கு நடுவே ஓடியாடி வேலை செய்பவர்களில் பலர், மாணவர்களே, உங்களைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர்கள்.

வியட்நாம் போர்க்காலம். 1967 ஜூலை 29ஆம் நாள் காலை, டொங்கின் வளைகுடாவில் அமெரிக்காவின் 'ஃபோரஸ்டல்' கப்பல் அடுத்த தாக்குதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எரிபொருளும் குண்டுகளும் நிரப்பிய விமானங்கள் நெருக்கமாக நின்றன. அவற்றுள் ஒரு ஃபேன்டம் விமானத்தின் இறக்கையில் சூனி வகை ராக்கெட்டுகள் இருந்தன.

ராக்கெட் தவறிப் பாயாமல் இருக்க இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, பாதுகாப்பு ஊசி. மற்றொன்று, மின்கம்பி இணைப்பு. விமானம் புறப்படும் இடத்துக்கு வந்த பிறகே அதைச் செருக வேண்டும். ஆனால் போரின் அவசரத்தில், நேரத்தை மிச்சப்படுத்த, அதை முன்கூட்டியே செருகும் பழக்கம் வந்துவிட்டது. அன்று ஊசியும் அதன் இடத்தில் இல்லை. விமானி வெளி மின்சாரத்திலிருந்து விமானத்தின் சொந்த மின்சாரத்துக்கு மாற்றியபோது மின்னழுத்தம் ஒரு கணம் எகிறியது. அது போதுமானதாக இருந்தது.

பாய்ந்த ராக்கெட் தளத்தைக் கடந்து, எதிரே நின்ற ஸ்கைஹாக் விமானமொன்றின் எரிபொருள் தொட்டியைப் பிய்த்தது. ராக்கெட் வெடிக்கவில்லை. கொட்டிய எரிபொருள்தான் தீப்பிடித்தது. கப்பல்களில் பயன்படும் ஜேபி-5 எரிபொருள் சுமார் 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் எளிதில் பற்றும், பாதுகாப்புக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் எரியும் ராக்கெட்டின் சிதறல்கள் விழும்போது அந்தப் பாதுகாப்பு எம்மாத்திரம்!

தீயணைப்புக் குழுத் தலைவர் ஜெரால்ட் ஃபேரியர், பாதுகாப்பு உடை மாட்டக்கூட நிற்காமல், கையில் ஒரே ஒரு பொடித் தீயணைப்பானுடன் ஓடினார். தீக்குள் ஒரு குண்டு கிடந்தது. விமானிகள் இறங்கித் தப்பும்வரை அதைச் சூடேற விடாமல் காப்பதே அவர் எண்ணம். இது கண்மூடித்தனமான துணிச்சல் அல்ல. அக்காலத்துப் புதிய குண்டுகள் தீயில் ஏறத்தாழ பத்து நிமிடம் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடினார்.

கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. போரில் புதிய குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. அதனால் முந்தைய நாள்தான் பழைய ஆயிரம் பவுண்டு குண்டுகள் சில கப்பலுக்கு வந்திருந்தன. அவற்றின் உறை மெல்லியது. உள்ளே ஆர்டிஎக்சும் டிஎன்டியும் கலந்த பழைய வெடிமருந்து. வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டுப்போயிருந்தது. சூட்டில் அது பத்து நிமிடம் பொறுக்காது. குண்டின் உறை பிளந்து சிவந்து தகதகப்பதைக் கண்ட ஃபேரியர், விலகி ஓடுங்கள் என்று மற்றவர்களை எச்சரித்தார். தீப்பிடித்து ஒன்றரை நிமிடத்தில் குண்டு வெடித்தது. அவரும் அவர் குழுவினரில் பெரும்பாலோரும் இறந்தனர்.

தப்பிய விமானிகளுள் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெயின்.

அதன்பின் நடந்ததை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். பயிற்சி பெற்றவர்கள் விழுந்துவிட, பயிற்சியே இல்லாதவர்கள் குழாயைப் பிடித்தார்கள். ஒரு குழு நுரையைப் பீய்ச்சியது. நுரை எரிபொருளின்மேல் போர்வைபோல் படிந்து, ஆக்சிஜன் சேராமல் தடுக்கும். மற்றொரு குழு கடல்நீரைப் பாய்ச்சியது. குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். எரிபொருளும் அப்படியே நீரில் மிதந்து, எரிந்தபடியே பரவும். நீர் நுரைப் போர்வையையும் அடித்துச் சென்றது. குண்டுகள் அடுத்தடுத்து வெடித்துத் தளத்தில் ஓட்டைகள் விழ, எரியும் எரிபொருள் கீழே இறங்கியது. அங்கே இரவுப்பணி முடித்தவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

இளைஞர்கள் சூடான குண்டுகளை உருட்டிக் கடலில் தள்ளினார்கள். 'ரூபெர்ட்டஸ்' என்ற போர்க்கப்பல், வெடிக்கும் கப்பலிலிருந்து ஆறே மீட்டர் தொலைவுவரை நெருங்கி வந்து நீரைப் பாய்ச்சியது. கீழ்த்தளங்களில் தீ மறுநாள் அதிகாலைவரை எரிந்தது. இறந்தவர்கள் 134 பேர், காயமடைந்தவர்கள் 161 பேர்.

பின்னர் குண்டுகளுக்கு வெப்பம் தாங்கும் பூச்சு வந்தது. தீயணைப்புப் பயிற்சி ஒரு குழுவோடு நில்லாமல் கப்பலில் உள்ள எல்லாருக்கும் கட்டாயமானது. நார்ஃபோக் நகரிலுள்ள கடற்படைத் தீயணைப்புப் பள்ளிக்கு ஃபேரியரின் பெயர் சூட்டப்பட்டது. அன்று தளத்திலிருந்த கேமரா எல்லாவற்றையும் படம்பிடித்திருந்தது. புதிதாகச் சேரும் மாலுமிகளுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். கையில் ஒரு தீயணைப்பானுடன் ஒருவர் தீயை நோக்கி ஓடுவது அதில் தெரியும்.