மரத்தைச் சாயுங்கள், கையைச் சாய்க்க வேண்டாம்

தே ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பண்டமாரானில் வீட்டு அஞ்சடியில் மேசை போட்டு மரவேலை பழகுகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பலகை எப்படி இறுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். ரம்பம் அப்புறம். பலகை ஆடினால் ரம்பம் துள்ளும். பலகையைப் பிடித்திருக்கும் பெருவிரல் பக்கத்திலேயே இருக்கும்.

மேசை லாச்சிக்குப் புறாவால் இணைப்பு வெட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மென்மையான மரத்துக்கு வாலின் சாய்வு ஆறுக்கு ஒன்று, சுமார் 9.5 டிகிரி. கடினமான மரத்துக்கு எட்டுக்கு ஒன்று, சுமார் 7 டிகிரி. சாய்ந்த கோட்டைப் பார்த்ததும் புதியவர் கையைச் சாய்த்துவிடுவார். நேர்க்குத்தாக அறுக்கத்தான் கைக்குப் பழக்கம், 9.5 டிகிரி அதற்குத் தெரியாது. அதனால் கோடு நட்டமாக நிற்கும்வரை பலகையை வைஸில் சாய்த்து இறுக்குங்கள். மேசைமேல் மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே பக்கம் சாய்ந்த கோடுகளை எல்லாம் அறுத்துவிட்டு, பலகையை மறுபக்கம் சாய்த்து மிச்சத்தை அறுங்கள். பலகை வைஸுக்கு மேலே நெடுக நீட்டிக்கொண்டிருந்தால் அதிரும். நாலு விரல் உயரம் போதும்.

வைஸின் ஒரு ஓரத்தில் மட்டும் பலகையைக் கடிக்கவிட்டால் தாடை கோணிக்கொண்டு பிடி தளரும். அதே கனத்தில் ஒரு கட்டையை மறு ஓரத்தில் செருகுங்கள். சரிவாக அறுத்த மேசைக்காலை இறுக்க, அறுக்கும்போது விழுந்த ஆப்புத் துண்டே சரியான துணை. அதை எறிந்துவிடாதீர்கள்.

கழுந்துக்கு வேறு வழி. கட்டையை 45 டிகிரி அளவில் சாய்த்து வைத்தால் முனையில் உள்ள கோடும் பக்கத்தில் உள்ள கோடும் ஒருசேரக் கண்ணில் படும். மூலையிலிருந்து குறுக்காக அறுத்து, கட்டையைத் திருப்பி அடுத்த மூலையையும் அப்படியே அறுங்கள். பிறகு நட்டமாக நிறுத்தினால் நடுவில் ஒரு முக்கோணம்தான் மிச்சம். இரு பக்கத்து வெட்டும் ரம்பத்துக்கு வழிகாட்டும்.

பண்டமாரான் துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் பேலட் பலகையில் பழகலாமா என்று கேட்பார்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பழகலாம். எச்.டி. முத்திரை வெப்பமூட்டிய மரத்துக்கு உரியது. எம்.பி. முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வேண்டாம்.

மின்ரம்பத்தில் கோணமாக வெட்டும்போது தகடு பலகையைப் பக்கவாட்டில் இழுக்கும். தடுப்புப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, கிளாம்ப் போட்டு, கையை 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். தகடு முழுதும் நின்ற பிறகே ரம்பத்தைத் தூக்குங்கள்.