தடத்தில் பயிலும் வேகம்



வேகத்தின்பால் வேட்கை கொள்வது இளமைக்கு இயல்பு. மிதிவண்டி ஏறக் கற்றுக்கொண்ட சிறுவன் மறுநாளே, தெருக்கோடி வரை யார் முந்துவது என்று தோழனிடம் பந்தயம் கட்டுகிறான். அதைக் குற்றமென்று கூற நான் வரவில்லை. அந்த வேட்கையை எங்கே, எவ்வாறு பயிற்றுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

என் பழைய மாணவன் ஒருவன் பொறியியற் கல்லூரியில் பயின்றபோது மோட்டார்ப் பந்தயத்தில் கலந்துகொள்ள ஆசைப்பட்டான். விடியற்காலையில் நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடக்குமே, அங்கே ஓட்டிப் பழகினால் போதாதா என்று எண்ணினான். ஒருநாள் வளைவொன்றில் பால்காரர் ஒருவர் மிதிவண்டியில் எதிர்ப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் அவரால் மிதிவண்டி ஏற இயலவில்லை. சில திங்கள் கழித்து என் இல்லத்திற்கு வந்த மாணவன், தலை குனிந்தவாறு, "ஐயா, நான் பிரேக்கை அழுத்தித்தான் மிதித்தேன், வண்டி நிற்கவில்லை" என்றான்.

வண்டி ஏன் நிற்கவில்லை? நீங்கள் வகுப்பில் படித்த பௌதிகமே விடை கூறும். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். மேலும், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 33 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. கண் கண்டு, கருத்து உணர்ந்து, கால் பிரேக்கை அடையும் அந்தச் சிறு பொழுதிற்குள்ளேயே பால்காரருக்கும் காருக்கும் இடையே இருந்த தூரத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. இதற்குக் காலின் வலிமை என்ன செய்யும்?

பந்தயத் தடத்தில் இவ்விதி மாறிவிடுகிறதா? இல்லை. சூழ்நிலையே மாறுகிறது. அங்கே எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்கின்றன. எதிரே வருவோர் இல்லை. குறுக்கே செல்லும் மாடு இல்லை. வழுவிய வண்டி ஓடித் தணிவதற்குத் தடத்தின் ஓரத்தில் வெற்றிடமும் சரளைப் பரப்பும் உண்டு. தலைக்கவசமும் தீப்பற்றாத உடையும் அணிந்தே ஓட்டுகின்றனர். மருத்துவ ஊர்தி ஆயத்தமாய் நிற்கிறது. தவறு செய்து, அத்தவற்றிலிருந்து கற்றுக்கொள்ள இடமளிப்பது எதுவோ அதுவே பயிற்சிக்களம். சாலையில் நாம் செய்யும் தவற்றிற்கு விலை கொடுப்பவர் பிறர்.

தடத்தில் பயிற்சி எவ்வாறு தொடங்குகிறது? முதலில் ஓட்டுவதே இல்லை, நடக்கிறார்கள். தடம் முழுவதையும் காலால் நடந்து, எங்கே சரிவு, எங்கே மேடு, எங்கே வளைவு இறுகுகிறது என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். அடுத்துக் கொடிகளின் பொருளைக் கற்கிறார்கள். மஞ்சட் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து. அங்கே எவரையும் முந்தலாகாது. நீலக்கொடி, விரைவான வண்டியொன்று பின்னால் நெருங்குகிறது என்று உணர்த்தும். செங்கொடி, ஓட்டம் நிறுத்தப்பட்டது என்பதற்கு அடையாளம்.

பின்னரே ஓட்டம். முதற் சுற்றுகள் மெதுவானவை. வளைவில் செல்லும் வழியை அப்போது கற்கிறார்கள். வளைவின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்திற்கு வந்தால், வண்டி செல்லும் வில்லின் ஆரம் பெரிதாகிறது. ஆரம் பெரிதானால் பாதுகாப்பாகச் செல்லத்தக்க வேகமும் கூடும். 50 மீட்டர் ஆரமுள்ள வில்லில் 70 கிலோமீட்டர் வேகம் தாங்கும் டயர், 100 மீட்டர் ஆரமுள்ள வில்லில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகம் தாங்கும்.

டயரின் பிடிப்பு ஓர் அளவிற்கு உட்பட்டது. பிரேக் பிடிப்பதற்கும், வளைவதற்கும், வேகம் கூட்டுவதற்கும் அந்த ஒரே பிடிப்புத்தான் மூலதனம். ஒன்றிற்கு முழுவதும் செலவிட்டால் மற்றொன்றிற்கு எஞ்சுவதில்லை. ஆகையால் தொடக்க மாணவனுக்கு ஆசிரியர் கூறும் முதற் பாடம்: நேர்த்தடத்திலேயே பிரேக்கை முடித்துக்கொள், பின் வளைந்து செல், வண்டி நிமிரும்போது சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டு. மெதுவாக நுழைபவனே விரைவாக வெளியேறுகிறான்.

நம் நாட்டில் இப்பயிற்சிக்கு வரலாறு உண்டு. 1953-இல் சென்னையில் மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்கென அமைந்த சோழவரம் ஓடுபாதையிலே பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே தனித்தடம் அமைந்தது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்திலும் ஒரு தடம் உண்டு. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நரேன் கார்த்திகேயன் கோவையைச் சேர்ந்தவர். அவரும் இளமையில் பிரான்சு நாட்டுப் பந்தயப் பள்ளியொன்றில் மாணவராய் அமர்ந்து கற்றவரே. இன்று பலர் சிறுவயதிலேயே கார்ட் என்னும் சிறு வண்டியில் தொடங்குகின்றனர். முறையான பயிற்சியும் பந்தய உரிமமும் இன்றிப் போட்டியில் இறங்க இயலாது.

பயிற்சிக்குச் செலவு அதிகமே. அதை நான் மறைக்கவில்லை. எல்லோர்க்கும் அது கைகூடாது. ஆனால் அக்காரணம் பற்றிச் சாலையைத் தடமாக்கிக்கொள்ளும் உரிமை எவர்க்கும் பிறப்பதில்லை. கணிதமும் பௌதிகமும் கற்கலாம். பந்தய நாட்களில் தடத்திற்குச் சென்று உதவிப் பணிகளில் ஈடுபடலாம். அங்கே கண்ணால் கற்பதும் கல்வியே.

என் மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவன் பந்தய ஓட்டுநன் ஆகவில்லை. பந்தய நாட்களில் தடத்தின் வளைவொன்றில் கொடி பிடித்து நிற்கும் தொண்டனாக இருக்கிறான். சென்ற ஆண்டு என்னை அழைத்துச் சென்று தன் இடத்தைக் காட்டினான். வண்டிகள் இடிபோல் முழங்கிக் கடந்தன. அவன் கண்கள் அவற்றின்மேல் இல்லை. முன்னே இருந்த வளைவின்மேல் இருந்தன. "அங்கே யாராவது நின்றுவிட்டால், பின்னால் வருபவர்க்கு நான்தானே ஐயா சொல்லவேண்டும்" என்றான்.