பள்ளி மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்து புத்தகப் பையை மூலையில் எறிகின்ற அந்த மாலையில் பிள்ளைகளுக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. அதே மாலையில் தாய்மார்களுக்கு உண்டாகும் கலக்கத்திற்கும் அளவில்லை. 'இனி நாற்பது நாள் இவர்களை எப்படிச் சமாளிப்பது?' என்று கேட்காத தாய் நம் இல்லங்களில் உண்டா? அந்த நாற்பது நாள் கணக்கும் நிச்சயமானதன்று. 2023ஆம் ஆண்டில் வெயிலின் கடுமையால் பள்ளி திறப்பு முதலில் ஜூன் 7ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிற்று. அதன்பின் மேல் வகுப்புகளுக்கு 12, சிறு வகுப்புகளுக்கு 14 என்றாயிற்று. அந்த அறிவிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதித்ததையும், அவர்களின் தாய்மார்கள் தலையில் கைவைத்துக்கொண்டதையும் ஒரே கூடத்தில் நின்று பார்த்தவன் நான்.

அந்தக் கூடம் என் அக்காவின் வீட்டுக் கூடம். சேலத்திலிருந்து கோரிமேட்டைக் கடந்து ஏற்காடு செல்லும் வழியில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. மொட்டை மாடியில் நின்றால் மலை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மலையின் குளிர்ச்சி இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலேயே தங்கிவிடுகிறது. கீழே இறங்கி வருவதில்லை. 40 டிகிரி வெயிலில் தளம் கொதிக்க, அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த ஒரு வாரத்தில் கோட்டைப் பகுதியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் உறவினர் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, கடைக்குட்டிக்கு நான்கு. மொத்தம் ஏழு பேர்.

முதல் மூன்று நாட்கள் வீடு வியக்கத்தக்க அமைதியுடன் இருந்தது. 'இவ்வளவு அடக்கமான பிள்ளைகளா!' என்று நான் எண்ணிக்கொண்டேன். பிறகுதான் விளங்கிற்று: ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி. கடைக்குட்டியின் கையிலும்! ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஒரே இடத்தில் அமர்ந்து திரையைப் பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே வரையறுத்துக் கூறியிருக்கிறது. எங்கள் கடைக்குட்டி அந்த ஒரு மணி நேரத்தைக் காலைப் பசியாறுவதற்குள்ளேயே முடித்துவிடுவான். அவனைக் குறை சொல்வானேன்? சோறூட்டும்போது கைப்பேசியைக் கொடுத்துப் பழக்கியவர்கள் பெரியவர்களாகிய நாமல்லவா?

பரணிலிருந்து இறங்கிய பலகை

நான்காம் நாள் பிற்பகலில் மின்சாரம் நின்றது. மாலைக்குள் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. ஏழு பேரும் ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டனர். பார்த்தவுடன் சண்டையும் தொடங்கியது. அந்த நேரத்தில் என் தாயார் (பிள்ளைகளுக்கு நன்னி) என்னைப் பரணில் ஏறச் செய்து, மீன் வடிவிலான ஒரு பழைய மரப் பலகையை எடுத்துவரச் சொன்னார்கள். பல்லாங்குழி!

விளையாட்டை அறியாத இளம் தாய்மார்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன். இரண்டு வரிசைகளில் ஏழேழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வீதம் எழுபது. தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியிலிருப்பதை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியிலிருப்பதை வெற்றியாக எடுத்துக்கொண்டு எதிராளிக்கு வழிவிட வேண்டும். இடையில் எந்தக் குழியிலாவது சரியாக நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரருக்கு உரியது. ஊருக்கு ஊர் விதிகள் சற்று மாறும். குன்றிமணியையும் இதற்குப் பயன்படுத்துவார்கள்; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அதன் பருப்பு கொடிய நஞ்சு. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையேயானாலும் கடைக்குட்டிகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் கண் வைத்திருப்பது நல்லது.

நம் வீடுகளில் இவ்விளையாட்டிற்கு ஒரு தனித் தகுதியும் உண்டு. தாயக்கட்டை உருட்டுவதை மார்க்க அறிஞர்கள் வெறுத்துரைத்துள்ளனர். ஆகவே தாயத்தையும் பரமபதத்தையும் எடுத்தால் பெரியவர்களில் யாரேனும் முகம் சுளிப்பர். பல்லாங்குழியில் உருட்டுவதற்கு ஒன்றுமில்லை. தற்செயலுக்கு அதில் இடமேயில்லை. எல்லாக் கொட்டைகளும் கண்முன்னே கிடக்கின்றன. எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே எண்ணத் தெரிந்தவரே வெல்கிறார். பெருக்கல் வாய்ப்பாடு என்றாலே அழுகின்ற ஒன்பது வயதுப் பையன், மூன்றே நாளில் பதினான்கு குழிகளையும் மனத்திற்குள்ளேயே சுற்றிவரக் கற்றுக்கொண்டான்.

அரபு நாடுகளில் இதே வகை ஆட்டத்திற்கு 'மன்கலா' என்று பெயர். இடம் பெயர்த்தல் என்னும் பொருளுடைய 'நகல' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இதன் உறவு ஆட்டங்கள் உண்டு. மலேசியாவில் 'சொங்காக்' என்பார்கள். இலங்கையில் சிங்களவர் குன்றிமணியைக் கொண்டு ஆடுவதற்கு 'ஒலிந்த கெளிய' என்று பெயர். மக்தபில் அரபு ஓதும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் இது நம் ஊர் விளையாட்டா, அரபு நாட்டு விளையாட்டா மாமு?" என்று கேட்டனர். கடலோடிகள் சென்ற கரைகளிலெல்லாம் இது இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

வெளியே அழைத்துச் செல்வதற்கும் பெரும் பணம் தேவைப்படவில்லை. மலையடிவாரத்தில், அருகிலேயே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. மானும் மயிலும் முதலையும் பார்க்கலாம். கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழுவினர் அதைத் தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொண்டு நீரின் நடுவே சிறு சிறு திட்டுகள் அமைத்து மரங்கள் நட்டனர். இன்று அவற்றில் பறவைகள் வந்து அடைகின்றன. அஸருக்குப் பின் கரையோரம் நடந்தாலே போதும். மழையோ வெயிலோ, கிளை நூலகம் எப்போதும் இருக்கவே இருக்கிறது. 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. அதன் பயனை நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு பெறுகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிணற்று மேட்டில்

இவ்வளவும் செய்துகொண்டிருந்தபோதே ஒரு நாள் மாலை, பதினொரு வயதுப் பையனையும் ஒன்பது வயதுப் பையனையும் காணவில்லை. பெரியவர்கள் எல்லோரும் பகலுணவுக்குப் பின் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டோம். தெருவிலும் இல்லை, பள்ளிவாசலிலும் இல்லை. அப்போது மூத்தவள்தான் சொன்னாள்: "அவர்கள் தோட்டத்துக் கிணற்றுக்குப் போயிருப்பார்கள். நேற்றும் அந்தப் பக்கம்தான் போனார்கள்."

ஓடிச் சென்று பார்த்தேன். சுற்றுச்சுவர் இல்லாத பெரிய கிணறு. நான்கைந்து பையன்கள் நீரில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையன்கள் இருவரும் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து, 'குதிக்கலாமா' என்று யோசித்துக்கொண்டிருந்தனர். இருவருக்கும் நீச்சல் தெரியாது. அல்லாஹ் காப்பாற்றினான். என் கால்கள் நடுங்கியது நிற்க வெகுநேரமாயிற்று.

கோடை விடுமுறையில் செய்தித்தாளைப் புரட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏரி, கிணறு, கைவிடப்பட்ட கல்குவாரி என்று ஆண்டுதோறும் அதே செய்தி, பெயர்கள்தான் மாறுகின்றன. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்றும், 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் உயிரிழப்புக் காரணங்களில் மூழ்குதல் மூன்றாம் இடத்தில் நிற்கிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பல நேரங்களில் ஒருவன் மூழ்க, அவனைக் காப்பாற்ற அண்ணனும் நண்பனும் குதித்து மூவரும் போய்விடுகின்றனர். ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இது: ஒருவன் விழுந்தால் பின்னால் குதிக்காதே. சத்தம் போடு. கயிற்றையோ, துப்பட்டாவையோ, நீண்ட கழியையோ நீட்டு. மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் கேன் கிடைத்தால் எறி. அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

வீட்டில் சலித்துப் போன பிள்ளை நீரைத் தேடித்தான் போகும். கதவைப் பூட்டினால் சுவரேறிக் குதித்துப் போகும். மறுநாள் முதல் பையன்கள் இருவருக்கும் நானே நீச்சல் கற்றுத்தரத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாக நம்மிடையே வழங்கிவருகிறதே. அம்புக்கும் குதிரைக்கும் எங்கே போவது? கிணறு இருந்தது.

அப்போதுதான் மூத்தவள் என்னருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "எனக்கும் கற்றுத்தர ஏற்பாடு செய்வீர்களா மாமு?"

பையன்கள் எங்கே போகிறார்கள் என்பது வீட்டிலேயே அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்திருக்கவில்லை. அந்த விடுமுறை முழுவதும் அவள் ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்தாள். தம்பிகளுக்குச் சோறு போடுவதும், கடைக்குட்டியைத் தூங்க வைப்பதும், துணி மடிப்பதும் அவள் வேலை. விடுமுறை நாற்பது நாளும் எல்லோருக்கும் ஒரே நீளமாக இருப்பதில்லை. நம் சமுதாயத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தொட்ட பெண் பிள்ளைக்குத்தான் அது மிகவும் நீண்டு கிடக்கிறது. நாமோ அவளைப் 'பொறுப்பானவள்' என்று புகழ்ந்துவிட்டு அத்துடன் விட்டுவிடுகிறோம்.

மச்சான் முதலில் இசையவில்லை. "வயது வந்த பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார். நான் வாதாடவில்லை. அம்மாதான் பேசினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோழியருடன் பொம்மை விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் உள்ளே வரக் கண்டு ஒளிந்துகொண்ட அச்சிறுமியரைப் பெருமானாரே திரும்பவும் விளையாட அனுப்பி வைத்ததையும், தம் துணைவியாருடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும் மச்சானுக்கு நினைவூட்டினார்கள். "எங்கள் காலத்தில் ஸுப்ஹு தொழுதுவிட்டுப் பெண்களெல்லாம் கிணற்றுக்குப் போவோம். ஆண்கள் எழுந்து வருவதற்குள் குளித்துத் திரும்பிவிடுவோம். எனக்கு நீச்சல் தெரியும் என்று உனக்கே தெரியாதல்லவா?" என்றும் கேட்டார்கள். எனக்கும் அதுவரை தெரியாது.

தோட்டத்துக்காரர் கவுண்டர் குடும்பத்தினர். அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் அம்மாவே சென்று பேசினார்கள். "விடியலில் இந்தப் பக்கம் ஆண்பிள்ளை யாரும் வரமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், அழைத்து வாருங்கள்" என்றார் அவர். அவருடைய மருமகள் நீச்சலில் கைதேர்ந்தவர். இறங்குவதற்கு முன் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கிணற்றில் மின்கசிவால் மாண்டவர்களும் உண்டு. முதுகில் மட்டையோடு காய்ந்த இரண்டு நெற்றுத் தேங்காய்கள். அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றிக் கட்டிய கயிறு. அதன் மறுமுனை படியில் இருப்பவர் கையில். முதல் இரண்டு நாள் படியைப் பிடித்துக்கொண்டு காலடிப்பது மட்டும். பிறகு முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவது. அதன்பின் மல்லாந்து மிதப்பது. மிதக்கத் தெரிந்தால் பயம் போய்விடும். பயம் போனபின் கைகால்கள் தாமாகவே கற்றுக்கொள்கின்றன.

ஜமாஅத்தின் கோடைகால மார்க்க வகுப்புகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். அவை பெரும் பயன் தருபவை, ஐயமில்லை. ஆனால் சில ஊர்களில் காலை தொடங்கி நண்பகல் வரை நீட்டி, மீண்டும் மாலையில் அமர்த்தி, இன்னொரு பள்ளிக்கூடமாகவே ஆக்கிவிடுகின்றனர். வெயில் ஏறுமுன் முடித்து அனுப்பினால் பிள்ளைகள் மறுநாளும் விரும்பி வருவார்கள். எங்கள் பிள்ளைகள் சென்ற வகுப்பில் உஸ்தாது காலை ஒன்பதரை மணிக்கே கிதாபை மூடிவிடுவார். அதனால்தான் மூத்தவளும் கிணற்றிலிருந்து வந்து, உடை மாற்றி, வகுப்புக்கும் போய் வர முடிந்தது.

கயிற்றை வாங்கி வந்தவர் யார் தெரியுமா? மச்சான்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், சேலம் கடைவீதியிலிருந்து நல்ல நைலான் கயிறாக இருபது முழம் வாங்கி வந்து கூடத்தில் வைத்தார்.

பதினோராம் நாள் விடியலில் நெற்றுத் தேங்காய்கள் இல்லாமலேயே அவள் இந்தப் படியிலிருந்து எதிர்ச்சுவர் வரை சென்று திரும்பினாள். நான் அதைப் பார்க்கவில்லை; அம்மா வந்து சொல்லக் கேட்டதுதான். கயிற்றின் முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேல்படியில் அமர்ந்திருந்தார்களாம். அவள் திரும்பி வந்து படியைப் பிடிக்கும் வரை கயிறு ஒருமுறைகூட இறுகவில்லையாம்.