ஊர் திரும்பும்போது மட்டும் விமானம் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது… தெரியுமா?

நிலாவில் மனிதன் இறங்கி நடந்தது 1969-ஆம் ஆண்டு. அந்த வருடம் பூமியில் விமானம் ஏறப் போனவர் பெட்டியைக் கையில்தான் தூக்கிக்கொண்டு போனார்! சக்கரம் வந்து ஐயாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நிலாவுக்கு ராக்கெட் விட்டாயிற்று. பெட்டிக்கு அடியில் நாலு சக்கரம் மாட்டிக் கடையில் விற்க மட்டும் பெரிதாக ஆளில்லை.

அந்த யோசனை கடைசியில் யாருக்கு வந்தது தெரியுமா? குடும்பத்தோடு சுற்றுலா போய்விட்டு, களைத்துப்போய் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் அப்பாவுக்கு!

பெயர் பெர்னார்ட் சேடோ. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்டி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் துணைத் தலைவர். 1970-இல் கரீபியக் கடலில் இருக்கும் அரூபா தீவுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். வழியில் போர்ட்டோ ரிகோவில் சுங்கச் சோதனை வரிசை. இரண்டு கையிலும் இரண்டு பெரிய பெட்டிகள். அப்போது ஒரு தொழிலாளி, சக்கரம் வைத்த பலகையில் கனமான இயந்திரம் ஒன்றை ஏற்றி, அலட்டிக்கொள்ளாமல் தள்ளிக்கொண்டு போகிறார். "நம்ம பெட்டிக்கு வேண்டியது இதுதான்!" என்று சேடோ மனைவியிடம் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் ஒரு பெட்டியில் சக்கரங்களைத் திருகி, முன்னால் ஒரு வாரைக் கட்டி இழுத்துப் பார்த்தார். ஓடியது!

ஆனால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஆம்பளை பெட்டியைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போவானா என்பது அவர்கள் கேள்வி. நியூயார்க்கின் மேசிஸ் கடைதான் முதலில் துணிந்து வாங்கியது. 1972-இல் காப்புரிமையும் கிடைத்தது. அந்தப் பெட்டியை நாய்க்குட்டியைப் போல வாரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். திருப்பத்தில் குப்புற விழும். இன்று நாம் நிமிர்த்தி, நீளக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறோமே, அதைச் செய்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. அது 1987-இல்.

ஆக, உங்கள் பெட்டியின் சக்கரமே ஒரு திரும்புகாலத் தொல்லையில் பிறந்ததுதான். மற்றத் தொல்லைகளையும் பார்ப்போமா?

சமீபத்தில் நாங்கள் சிங்கப்பூர் போய்விட்டு வந்தோம். நான், மனைவி, மகள், மாமியார். போகும்போது பெட்டி இருபத்தோரு கிலோ. வரும்போது? "மாப்பிள்ளை, இது ஒண்ணுதான், சும்மா தைலம்" என்று மாமியார் நீட்டிய பையில் மட்டும் பதினெட்டு புட்டிகள்! கவுன்ட்டரில் தராசு காட்டிய எண்ணைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, தரையில் பெட்டியைத் திறந்து, உலகமே பார்க்க உள்ளாடைகளை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றினோம். பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள் அதே வேலையில் இருந்தன என்பதில் ஒரு நிம்மதி.

எவ்வளவு பணம் கட்டினாலும் பல விமான நிறுவனங்கள் ஒரே பெட்டியை 32 கிலோவுக்கு மேல் வாங்காது. விமானம் தாங்காது என்று நினைத்தீர்களா? இல்லை. கீழே குனிந்து அதைத் தூக்கி ஏற்றுகிறாரே ஒரு தொழிலாளி, அவர் முதுகு தாங்காது! அதற்காகத்தான் அந்த வரம்பு.

அடுத்து, பாதுகாப்புச் சோதனை. மகள் ஆசையாக வாங்கிய காயா ஜாம் கைப்பையில் இருந்தது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டுவார்களே, அது. "இது திரவம்" என்றார்கள். கவிழ்த்தாலும் விழாத ஜாம் எப்படித் திரவம் ஆகும் என்று மாமியார் தமிழிலேயே வாதாடினார். ஜாம் போயே போயிற்று.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்க நடந்த சதியைப் பிரிட்டன் போலீஸ் முறியடித்தது. அன்றைக்கு விழுந்த தடைதான் பிறகு 100 மில்லியாகத் தளர்ந்து உலகமெல்லாம் பரவியது. பீய்ச்சுவது, பூசுவது, பிசைவது எல்லாம் அந்தக் கணக்கில் திரவம்தான். நம் ஊறுகாயும் தப்பாது.

இதைவிட ஆச்சரியம், கொப்பரைத் தேங்காய்! அதைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. அபாயகரமான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் சபை எண் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று தனி எண்ணே இருக்கிறது. அதில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய ஜாதி! முழுத் தேங்காயைப் பெட்டியில் போடலாம், கைப்பையில் கூடாது என்பது இந்தியாவில் வழக்கம். ஆனால் 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்காக விதியைத் தளர்த்தி, சோதனைக்குப் பிறகு இருமுடித் தேங்காயை உள்ளே கொண்டுபோக அந்தப் பருவத்துக்கு அனுமதித்தார்கள். ஐயப்பன் நினைத்தால் விமானப் பாதுகாப்புத் துறையே இறங்கி வருகிறது!

சரி, உள்ளே போயாயிற்று. பலகையைப் பார்த்தால் எங்கள் விமானம் முதலில் நாற்பது நிமிடம் தாமதம். பிறகு ஒன்றே கால் மணி. பிறகு வெறும் 'தாமதம்'. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "விமானமே இல்லப்பா!" என்றாள். அவள் சொன்னதில்தான் ரகசியம் இருக்கிறது. உங்களை ஏற்றப்போகும் விமானம் உங்களுக்காக ராத்திரி முழுக்கக் காத்திருப்பதில்லை. குறைந்த தூரம் ஓடும் ஒரு விமானம் ஒரே நாளில் ஐந்தாறு பயணம் போய்வரும். காலையில் எங்கோ ஓர் ஊரில் பனியால் அரை மணி போனால், அந்த அரை மணி ஊர் ஊராக வளர்ந்து, சாயங்காலம் உங்கள் தலையில் வந்து விழும். சுற்றுலா முடித்தவர்கள் எந்த விமானம் பிடிப்போம்? கடைசி நாளையும் விடாமல் சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விமானம்! விடியற்காலை முதல் விமானம் பிடிப்பவர் தூக்கத்தைத்தான் இழக்கிறார். நாம் இழப்பது நிம்மதியை.

இன்னொன்று கேளுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் விமானக் கணக்கில் அது தாமதமே கிடையாது! போதாததற்கு, பயண நேரத்தையே கொஞ்சம் கூட்டிப் போட்டு அட்டவணை தயாரிப்பதும் உண்டு. தாமதமாகக் கிளம்பியும் "சரியான நேரத்தில் வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வருகிறதே, அந்த மாயம் இதுதான்.

சென்னை விமான நிலையத்துக்கென்று ஓர் எதிரி உண்டு. போகிப் பண்டிகை! 2018 ஜனவரி 13 அதிகாலை, ஊரே பழைய பாயையும் டயரையும் கொளுத்திய புகை பனியோடு கலந்து ஓடுபாதையை மூடிவிட்டது. பொங்கலுக்கு ஊர் வந்துகொண்டிருந்தவர்கள் சென்னையின் தலைக்கு மேல் வந்தும் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் புகுந்து நாள் கணக்கில் மூடிக்கிடந்ததும் இதே விமான நிலையம்தான்.

ஏறும்போது ஒரு தள்ளுமுள்ளு. "பின் வரிசைக்காரர்கள் முதலில் வாருங்கள்" என்று கூப்பிடுகிறார்களே, சரியான முறை என்றுதானே தோன்றுகிறது? ஜேசன் ஸ்டெஃபன் என்று ஒரு வான் இயற்பியலாளர், நட்சத்திரங்களை விட்டுவிட்டு 2008-இல் இந்தக் கணக்கில் இறங்கினார். பிறகு ஒரு மாதிரி விமானத்தில் நிஜ ஆட்களை நிஜப் பெட்டிகளோடு ஏற்றிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து கும்பல் கும்பலாக ஏற்றுவதுதான் சோதித்ததிலேயே மந்தம்! ஜன்னல் ஓரத்தாரை முதலில், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஏற்றினால் கிட்டத்தட்டப் பாதி நேரம் போதும். ஆனால் கணவன் ஒரு வரிசையிலும் மனைவி இன்னொன்றிலும் குழந்தை மூன்றாவதிலும் நிற்க வேண்டும். நம் வீட்டில் நடக்கிற காரியமா?

இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்று, வந்தவரை இறக்கிவிடும் கொடுமையும் உண்டு. "யாராவது தாமாக இறங்கினால் பணம் தருகிறோம்" என்று ஏலம் விடலாமே என யோசனை சொன்னவர் ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர். முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள். 1978-இல் அமெரிக்கா அதையே விதியாக்கியது. இந்தியாவில் இப்படி உங்களை ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தராவிட்டால், 24 மணி நேரத்துக்குள் அனுப்பும்போது அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் இரு மடங்கு தர வேண்டும். உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் இழுத்தடித்தால் நான்கு மடங்கு, 20,000 வரை. விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், மாற்று விமானமா, பணம் வாபஸா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. குறுகிய பயணத்தில் இரண்டு மணி தாமதத்துக்கே சாப்பாடு தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள் என்பது என் அனுபவம்.

மேலே பறக்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் தெரியுமா? ஊட்டியில்! விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோலத்தான் வைத்திருப்பார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. குளிரும் உண்டு, மேகமும் உண்டு, ஈரம் மட்டும் இல்லை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அதனால்தான் தொண்டை வறள்கிறது, உப்பும் இனிப்பும் நாக்கில் சரியாக ஏறாமல் போகிறது. அந்த உப்புமா சப்பென்று இருந்ததற்குச் சமையல்காரரை மட்டும் திட்டாதீர்கள்.

இறங்கும்போது பின் சீட்டுக் குழந்தை வீறிட்டு அழுததே, அதற்கும் காரணம் உண்டு. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு குழாய். ஏறும்போது காற்று அதன் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது உள்ளே போக மறுக்கும். குழாய் திறக்க வேண்டுமென்றால் விழுங்க வேண்டும். இறங்கத் தொடங்கியதும் குழந்தைக்குப் பாலோ தண்ணீரோ கொடுங்கள். தூங்குகிறதே என்று விட்டுவிடுவதுதான் நாம் செய்யும் தப்பு.

இறங்கியாயிற்று. பெல்ட் முன்னால் நிற்கிறோம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. அமெரிக்காவின் ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டி வரத் தாமதம் என்று புகார் குவிந்தது. ஆட்களைக் கூட்டி, காத்திருப்பைச் சராசரி எட்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். புகார் குறையவில்லை! உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், பயணிகள் ஒரு நிமிடம் நடக்கிறார்கள், ஏழு நிமிடம் நிற்கிறார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? விமானம் நிற்கும் வாசலைத் தள்ளி வைத்து, பெட்டியைக் கடைக்கோடி பெல்ட்டுக்கு அனுப்பினார்கள். நடை ஆறு மடங்கு ஆயிற்று. புகார் ஏறக்குறைய நின்றேபோயிற்று! நடக்க வைத்தால் மனிதன் பேசாமல் நடப்பான். நிற்க வைத்தால்தான் கோபம். இதைத் தந்திரம் என்பதா, ஏமாற்று என்பதா, இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

எங்களுக்கு மூன்று பெட்டி வந்தது. நாலாவது வரவில்லை. தைலப் பெட்டி!

உலக அளவில் 2024-இல் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் வழிதவறியதாகக் கணக்கு. 2007-இல் இது 18.9! பெரும்பாலானவை ஓரிரு நாளில் வீடு வந்துவிடும். எத்தனை தேடியும் சொந்தக்காரர் அகப்படாத பெட்டிகளை விலைக்கு வாங்கி, பிரித்து விற்பதற்கென்றே அமெரிக்காவில் ஒரு கடை இருக்கிறது தெரியுமா? அலபாமா மாநிலம் ஸ்காட்ஸ்பரோவில் 1970-இல் டாய்ல் ஓவன்ஸ் என்பவர் 300 டாலர் கடனும் இரவல் வண்டியுமாகத் தொடங்கியது. இன்றைக்கு அதைப் பார்க்கவே சுற்றுலா போகிறார்கள்!

எங்கள் பெட்டி மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்தது. புட்டி ஒன்றுகூட உடையவில்லை. சக்கரம் ஒன்றுதான் காணோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. பெட்டியைக் கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டித் தரும் பத்து இலக்கச் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். உடைந்த பெட்டியோடு எட்டாம் நாள் போனால் கதவு சாத்திவிடுவார்கள்.